நாற்காலியில் ஒரு பொத்தான்

இன்று பகல் பேருந்தில் எங்கள் ஓவிய நோட்டு காவலூருக்கு, என்னிடம் திரும்பி வந்தது.

நாங்கள் நான்கு பெண்கள். ஒரே நோட்டு, ஊர் ஊராக எங்களுக்குள் சுற்றும்; ஆளுக்கொரு பக்கம். வரையலாம், ஒட்டலாம், தைக்கலாம். ஆனால் அடுத்தவர் வேலையை அவர் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. அந்த விதியைப் போட்டவள் நான்.

போன மாதம் என் பக்கத்தில் என் கணவரின் காலி நாற்காலியை வரைந்து அனுப்பியிருந்தேன். இன்று திறந்தால், அந்த நாற்காலியின் மேல் நீலப் பொத்தான் ஒன்று தைக்கப்பட்டிருக்கிறது. ஓரம் உடைந்தது.

அவருடைய சட்டையிலிருந்து தொலைந்துபோன பொத்தானும் நீலம்தான், ஓரம் உடைந்ததுதான்.

"வேற பொத்தான் வெச்சுத் தைக்க மாட்டேன். அதையே தேடி எடுத்துட்டு வாங்க" என்று அன்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"எங்க போய்டப் போவுது, தேடித் தர்றேன்" என்றார். அந்த வாரமே, பொத்தான் இல்லாத அந்தச் சட்டையிலேயே இறந்தார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நோட்டைப் படம் பிடித்து மூவருக்கும் அனுப்பிவிட்டு போன் செய்தேன். இருவர் தாங்கள் இல்லை என்றார்கள். ஒடுகத்தூர் சரோஜா கோபித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா நீ, உன் பக்கத்துல கை வெச்சுட்டு உன்கிட்ட யாரு திட்டு வாங்குறது? அதுவும் இவ்ளோ கோணலா நம்மள்ல யாரு தைப்பாக்கா?"

உண்மைதான். ஊசியே பிடித்தறியாத கை தைத்தது போலிருக்கிறது.

பிரித்து ஒழுங்காகத் தைக்கக் கை பரபரக்கிறது. ஆனால் என் விதிப்படி, தைத்தவரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.