டிரைவர் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

என்னுடைய பழைய கிராபிக்ஸ் கார்டை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தேன். வாங்க வந்தவர் ஓய்வு பெற்ற டவுன் பஸ் டிரைவர். நரைத்த அடர்மீசை, இஸ்திரி போட்ட சட்டை. மகனுக்கா என்று கேட்டேன்.

"எனக்குத்தான் சார். பஸ் ஓட்ற கேம் ஒண்ணு ஆடறேன். நம்ம கம்ப்யூட்டர்ல ரோடு திக்கித் திக்கி வருது."

பொருத்தித் தர நானே காக்ஸ் டவுனில் உள்ள அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் திரையில் ஒன்றும் வரவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. பவர் கேபிளை நான் சரியாகச் சொருகவில்லை. அழுத்திச் சொருகியதும், ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தின் மழைச்சாலை பளபளவென்று விரிந்தது.

"அடேயப்பா, சேறு கூடத் தெரியுதே" என்றார்.

மேஜையில் மாட்டியிருந்த ஸ்டீரிங்கைப் பிடித்தவர், கிளம்புமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்படியே பார்த்தார்.

ஒரு நிறுத்தத்தில், தூரத்தில் ஒரு மூதாட்டி மெல்ல நடந்து வந்தாள். அவர் கதவை மூடாமல் காத்திருந்தார்.

"லேட்டானா பாயிண்ட் குறையும் சார்" என்றேன்.

"குறையட்டும். டூட்டில இருந்தப்போ நிக்க முடியாது, பின்னாடி ஹாரன் அடிச்சே கொன்னுடுவாங்க. எத்தனை பேர விட்டுட்டுப் போயிருக்கேன். இப்போ யாரு கேக்கப் போறாங்க?"

மூதாட்டி வந்து சேர்ந்தாள். "நிதானக்கே ஹத்தம்மா" என்று, மெதுவாக ஏறும்படி, டூட்டியில் பேசிப் பழகிய கன்னடத்தில் சொல்லிவிட்டுத்தான் கதவை மூடினார்.

அந்த வெளிநாட்டு மூதாட்டிக்குக் கன்னடம் தெரியும் என்று அவர் எப்படி முடிவு செய்தார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் அவள் நிதானமாகத்தான் ஏறினாள்.