ஒட்டடைக்கு ஜாகா

மண்சாலையில் பாதி தூரம் வந்த பிறகுதான் விளக்குமாறு இன்னும் கையில் இருப்பதைக் கவனித்தேன். தோளில் துணிப்பை, கையில் நீளக் கம்பில் கட்டிய ஈர்க்கு விளக்குமாறு. மதியம் மூன்று மணி வெயிலில், இரு பக்கமும் செம்பனை மரங்கள் நிற்கும் அந்தச் சாலையில், ஈப்போ பஸ் பிடிக்க நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் போய் அதை வைத்துவிட்டு வரலாம். ஆனால் அதை வைத்துத்தான் அந்தத் தோட்டத்து மக்களின் ஒரே சாட்சியை அடித்துக் கொன்றிருந்தேன். திரும்புவது நல்ல யோசனையாகப் படவில்லை.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், இடைநிலைப்பள்ளியில் ஒன்றரை வருடம், அதற்குப் பிறகு எந்த இடத்திலும் அவ்வளவு நாள் தங்கியதில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் பொறுக்கினேன். சிலிம் ரிவரில் செம்பனைக் குலை தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டேன். பிறகு இந்தப் பழைய ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். ரப்பர் போய்விட்டது, வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் மட்டும் போகாமல் இருந்தன. கடைசி வீட்டு அக்கா காலியாகக் கிடந்த பக்கத்து அறையைக் காட்டி, "கூரை ஒழுவும், பரவால்லயா?" என்றார். ஒழுகாத கூரையின் கீழ் நான் படுத்தது குறைவு.

அக்கா ஈப்போவில் ஒரு பேரங்காடியில் தரை துடைப்பவர். அவருக்கு ஒரே ஒரு கவலை, அது வீட்டுக்குப் பின்னால் ஓடியது. ஆற்றில் இரண்டு வளைவு மேலே, பழைய பேட்டரிகளை உருக்கும் ஒரு தொழிற்சாலை இருந்தது. சில நாள் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வரும், தொண்டை கரகரக்கும். அக்காவின் வீட்டுக்காரரோ, நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், தினமும் அதே ஆற்றில் தூண்டில் போட்டு, லம்பாம் மீன் பிடித்து, வறுத்து, இரண்டு வேளை சாப்பிடுவார்.

அக்கா புகார் எழுதினார். அதிகாரிகள் வந்து புட்டியில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். அவர்கள் வரும் தேதி எங்களுக்குத் தெரியாது, ஆற்றுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அன்று மட்டும் கண்ணாடிபோல் ஓடும். கடைசியில் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது, நீர் சுத்தம் என்று. அண்ணன் அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி, அதன் கீழே உட்கார்ந்து மீன் சாப்பிட்டார்.

"கவர்மெண்டே சொல்லிருச்சு. நீ என்னா அதுக்கு மேல பெரிய ஆளா?"

"அவங்க எடுத்தது அன்னிக்கித் தண்ணி. நீங்க திங்கிறது தெனம் லா."

"வெசம் இருந்தா கசக்காதா? ருசியால்ல இருக்கு."

அக்கா யார் யாரையோ பிடித்து, ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரை வர சம்மதிக்கவைத்தார். தைப்பிங்கில் பிறந்த தமிழ்ப் பெண், டாக்டர் பட்டம் வாங்கியவர். "கரையப் பாக்கணும், கொஞ்சம் பூச்சி எடுக்கணும்" என்று மட்டும் போனில் சொன்னாராம்.

பெரிய ஆள் வருகிறார் என்றதும், குடியிருப்பாளர் தலைவர் எல்லாரையும் பழைய பெரட்டுத் திடலில் கூட்டினார். ஒரு காலத்தில் விடியற்காலையில் பால்மரம் வெட்டும் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட இடம் அது. தலைவருக்கு அங்கே நின்றாலே குரல் மாறிவிடும்.

"டாக்டர் நடக்குற எடத்துல ஒரு ஒட்டடை கண்ணுல படக்கூடாது. தீபாவளிக்கு வீட்ட எப்படி வச்சிருப்போம், அப்படி இருக்கணும் கரை."

அப்படியே செய்தோம். புல் வெட்டினோம், கரைக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம், 'வருக வருக' என்று பதாகை கட்டினோம். டெங்கிக்குப் புகை அடிக்கும் இயந்திரத்தைத் தலைவர் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தார், அதை நான் சுமந்தேன். தண்ணீர் மேல் சாய்ந்த கிளைகளில் இருந்த வலைகளை என் நீளக் கம்பு பார்த்துக்கொண்டது. தன் கங்கோங் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் இருந்ததை அக்காவே கையால் அடித்தார். புகைக்குத் தப்பிய ஒன்றிரண்டு சிலந்திகள் இரவோடு இரவாக மறுபடி கட்டியிருந்தன. காலையில் அவற்றையும் தீர்த்தேன்.

டாக்டர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி நிறைய சின்னச் சின்ன புட்டிகளோடு வந்தார். மாலையை வாங்கிக்கொண்டார். முழங்கால் வலி என்று காலைக் காட்டிய ஒரு தாத்தாவிடம், தான் அந்த டாக்டர் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு கரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இங்க சிலந்தி இருக்கணுமே?"

"ஒண்ணுகூட இல்ல டாக்டர்" என்றார் தலைவர். "எல்லாம் இந்தத் தம்பி வேல." என்னை முன்னால் தள்ளினார். கை தட்டினார்கள்.

டாக்டர் சுண்ணாம்புக் கல்மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, யாரும் சொல்லவில்லை. அவர் விளக்கியது இவ்வளவுதான். ஆற்றுச் சேற்றில் புழுவாக வளரும் பூச்சிகள் சேற்றில் இருப்பதையெல்லாம் உடம்பில் ஏற்றிக்கொள்கின்றன. இறக்கை முளைத்து மேலே வரும்போது கரையோரச் சிலந்தி அவற்றைப் பிடித்துத் தின்கிறது. தண்ணீர் ஓடிவிடும், மீன் ஊர் சுற்றும், சிலந்தி அதே புதரில் கிடக்கும். அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் ஒரு நாள் கதை இல்லை, பல வாரக் கதை தெரியும். அதற்கு முன்கூட்டி யாரும் தேதி சொல்லிவைக்க முடியாது.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சிலந்திதானே டாக்டர்? எங்க வீட்டுல நெறய இருக்கு. கோயில் கூரையிலயும் இருக்கு. பிடிச்சிட்டு வாரேன்."

"அதுங்க ஆத்துப் பூச்சியத் திங்காதுங்க."

அண்ணன் மட்டும் சந்தோஷமாக இருந்தார். "பாத்தியா, சிலந்திகூட ஒண்ணும் சொல்லல" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனார். அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "வெளியூர்ப் பையன். சொன்னதுக்கு மேல செஞ்சிட்டான்" என்றார் தலைவர். இந்த மாதிரி வாக்கியம் வந்தால் பையை எடுக்க வேண்டிய நேரம் என்பது எனக்குப் பழக்கம்.

மண்சாலையில் எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அக்கா. என் முன்னால் நிறுத்தி, விளக்குமாற்றைப் பார்த்தார்.

"கூடவே கூட்டிட்டுப் போறியா அத?"

"மறந்துட்டேன் அக்கா."

"நானுந்தான் அடிச்சேன். நான் எங்க ஓடுறது? ஏறு."

"எதுக்கு?"

"ரெண்டு மாசம் கரையத் தொடாம விட்டா, புதுசா வந்து கட்டுமாம். இங்க உள்ளதத் தின்னு உடம்புல ஏறுன பொறவு டாக்டர் வந்து எடுப்பாங்க. அது வரைக்கும் ஒரு ஆளு காவல் இருக்கணும். அவங்க ஆய்வுப் பணத்துல கொஞ்சம் சம்பளம் தருவாங்களாம்."

"இனிமே யாரு அக்கா அடிக்கப் போறா?"

"தலைவரு மன்னிப்புக் கேக்குற மாதிரி இன்னொரு கோத்தோங் ரோயோங் வைக்கலாங்கிறாரு."

எல்லாரும் சேர்ந்து இன்னொரு தடவை சுத்தம் செய்வதை நினைத்துப் பார்த்தேன்.

"ஒரே எடத்துல ரெண்டு மாசம் நான் இருந்ததில்ல."

"சிலந்தி இருக்குதில்ல." அக்கா குரல் தணிந்தது. "அவரு நிறுத்த மாட்டாருப்பா. சுவத்துல ஒரு பேப்பர் இருக்கு. அத எடுக்க எனக்கு இன்னொரு பேப்பர் வேணும்."

ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலை டாக்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்த படிவத்தில் நிரந்தர முகவரி கேட்டிருந்தது. 'ஆற்றங்கரை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். வேலைக்கு என்ன பெயர் என்றும் கேட்டிருந்தது. கடை வாசலில் ராத்திரி காவலுக்கு உட்காருபவரை இங்கே ஜாகா என்பார்கள். 'ஜாகா' என்று எழுதினேன்.

கரைக்குப் போனால், அக்கா விடியுமுன்பே எழுந்து சிவப்பு நைலான் கயிறு கட்டி முடித்திருந்தார். டாக்டர் காட்டியது நாலைந்து புதர்கள். அக்காவின் கயிறு அதையும் தாண்டிப் போய், கங்கோங் பாத்தியைச் சுற்றி, மீன் நிற்கும் ஆழமான மடுவையும் அண்ணன் உட்காரும் கல்லையும் உள்ளே வைத்து முடிந்திருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அண்ணன் தூண்டிலோடு வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார்.

"என்னாடா இது?"

"ஆய்வுங்கண்ணே. உள்ள யாரும் வரக்கூடாதாம்."

"சிலந்திக்கு ஜாகாவா நீ?"

"ஆமாண்ணே."

"எத்தன நாளைக்கு?"

"ரெண்டு மாசம்."

அவர் கயிற்றைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, சமையலறை ஜன்னலைப் பார்த்தார்.

"டாக்டரம்மா கட்டுனதா?"

"எனக்குத் தெரியாதுண்ணே, நான் இப்பத்தான் வேலைக்கு வந்தேன்" என்றேன்.