டைம் ஆபீஸ் ஜன்னலில் கேட்ட கதைகள்

லேட்டாக வருகிறவர் சொல்வதை நம்பவும் கூடாது, நம்பாமல் இருக்கவும் கூடாது. டைம் கீப்பர் வேலை அவ்வளவுதான். எண்பதுகளில் தொடங்கி அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட் செய்யும் கம்பெனி ஒன்றின் கேட்டில் அந்த வேலை பார்த்தேன். நீங்களும் பார்த்திருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். ரெஜிஸ்டரில் லேட்டாக வந்தவர் பெயருக்கு எதிரே ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கும் முன் மேனேஜர் அதைத்தான் படிப்பார்.

மூன்று வகை

நானே ஓர் அகராதி வைத்திருந்தேன். நடந்ததைச் சொன்னால் காரணம். நடந்திருக்கக்கூடியதைச் சொன்னால் சாக்கு. ஆடு மாடு வாயைத் திறந்தால் கதை. லேத்தில் தற்காலிகமாக இருந்த கன்னியப்பன், வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருபவன், மூன்றாம் வகை. எட்டு மணிச் சங்கு ஊதியும் அவன் வரவில்லையென்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஒருநாள் தண்டவாளத்தில் எருமை நின்றதாம். டிரைவர் ஹாரன் அடித்தாராம். “உனக்கு முன்னாடியே வந்தவன் நான், நீ ஒதுங்கு” என்றதாம் எருமை. கதை விடாதே என்று அதட்டினேன். அவன் முகம் மாறாமல் சொன்னான்:

“நான் வுடல சார். எருமை சொன்னத சொன்னேன்.”

யானை

பேக்கிங் பிரிவு ஸ்டெல்லா அக்கா பொய்யே சொல்லாதவர். ஒருநாள் வியர்த்து விறுவிறுத்து வந்து, திருமுல்லைவாயிலில் பஸ்ஸுக்கு முன்னால் யானை படுத்துவிட்டது என்றார். சிரித்துக்கொண்டே ‘கதை’ என்று எழுதினேன். கால் மணி கழித்து ஆறு பேர் வந்தார்கள், ஆறு பேரும் அதே யானையைச் சொன்னார்கள். எழுதியதை அடித்துவிட்டு, மத்தியானம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“நெஜத்த சொன்னா கதைன்றீங்க. நாளைலருந்து கதையே சொல்றேன், எய்திக்கோங்க.”

இரண்டு வார்த்தை

கன்னியப்பனை நிரந்தரமாக்கும் மாதம் வந்தது. இன்னொரு லேட், அதற்குத் தகுந்த காரணமும் இல்லையென்றால், வேலையே போய்விடும். அந்த மாதக் கடைசியில் நாற்பது நிமிடம் தாமதமாக வந்து நின்றான். இன்று என்ன கதை என்று ஆவலாகக் கேட்டேன். “தூங்கிட்டேன் சார்” என்றான். மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், தோளிலேயே போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

தூங்கினேன் என்று எழுதினால் மேனேஜர் மன்னிக்கமாட்டார். ‘சிக்னல் கோளாறு, வேப்பம்பட்டில் ரயில் நாற்பது நிமிடம் நின்றது’ என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன். சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். அவர் வீடு திருநின்றவூர், வேப்பம்பட்டுக்கு அடுத்த ஸ்டேஷன். ரெஜிஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்த வண்டியிலதான்யா நானும் வந்தேன். டயத்துக்குத்தான் வந்துது. உமக்குக் கதை கட்டத் தெரியல. கன்னியப்பனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன், போய்ச் சொல்லும்.”

பதினாலு வருஷம் அந்த ஜன்னலில் ஆயிரம் கதை கேட்ட நான் சொந்தமாகக் கட்டியது ஒன்றே ஒன்று, அதுவும் முதல் வாசகரிடமே மாட்டிக்கொண்டது.