எந்தப் பக்கம் விழுந்தது பூ?

மலை ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலை சுற்றாது என்று யாரோ எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று ஞாபகம் இல்லை. ஞாபகம் வந்தால் அவரிடம் ரெண்டு வார்த்தை பேச வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில், கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சாந்தி. ‘ஸாரிக்கா, ஸாரிக்கா’ என்று ஒவ்வொரு வளைவுக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். மலையை இவளா வளைத்து வைத்தாள்?

சாந்தி என் டெய்லர். கள்ளக்குறிச்சியில் என் தெருமுனையில் கடை. என் ரவிக்கை அளவு வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகும் ரகசியத்தை இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் அறிவாள். இதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அப்படி ஒரு தோழி கிடைப்பது சுலபமா, சொல்லுங்கள்?

ஆனால் அவளிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் இந்த ஸாரிதான். கரண்ட் போனால் ஸாரி. நான் லேட்டாகப் போனாலும் அவள்தான் ஸாரி. நாற்காலியில் உட்கார்ந்தால் ஓரத்தில்தான் உட்காருவாள் — யாரோ வந்து எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல. பஸ்ஸிலும் அதே கதை. வளைவு வரும்போதெல்லாம் அவள் சரிய, நான் பிடித்து இழுக்க... எலுமிச்சம்பழம் எங்கோ உருண்டு போய்விட்டது.

அவள் புருஷன் இன்னொருத்தியோடு பெங்களூர் போய்ச் சேர்ந்தது பழைய கதை. சாந்தி ஒற்றை மிஷினை மிதித்தே பெண்ணை நர்சிங் படிக்க வைத்துவிட்டாள். இப்போது அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். நல்ல இடம், நல்ல பையன். சந்தோஷமான விஷயம்தானே?

அங்கேதான் வந்தது வில்லங்கம். ஓரகத்தி — அதாவது ஓடிப்போனவனுடைய அண்ணன் மனைவி — பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தாராம். ‘நாங்க ரெண்டு பேரும் ஜோடியா நின்னு பொண்ண தாரை வாத்துக் குடுத்துர்றோம் சாந்தி. உனுக்கு இன்னாத்துக்கு செரமம்? நீ பந்தியப் பாத்துக்கோ’ என்றாராம்.

அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டலாம். அன்பாகச் சொன்னால் என்ன செய்வது?

“நீ என்ன சொன்னே?” என்று கேட்டேன்.

“சரிங்க்கான்னு சொல்லிட்டன். அப்பறமா நைட்டெல்லாம் தூக்கம் வரல. பெத்தவ நானு. ஆனா புருஷனே வாணாம்னு வுட்டுட்டுப் போனவ... நான் போயி மனையில உக்காந்து, நாளைக்கி பொண்ணுக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா? அதான், ஆத்தாவையே ஒரு வார்த்த கேட்டுர்லாம்னு. அவங்ககிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தன்.”

ஆத்தா என்றால் அவள் பிறந்த ஊர்க் காளி. வெள்ளிமலையில் இறங்கி ஜீப்பில் போக வேண்டும். அங்கே பூ வைத்துக் கேட்பது வழக்கம். சிலையின் இரண்டு தோளிலும் தண்ணீரில் நனைத்த சாமந்திப் பூவை ஒட்டி வைப்பார்கள். கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சரி. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது, சாமை விதைப்பது... எல்லாவற்றுக்கும் பூ விழுந்தாக வேண்டும்.

ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தவர் பொன்னன். சாந்திக்கு மாமன் மகன். ஜீப் டிரைவரும் அவர்தான், கோயில் பூசாரியும் அவர்தான்.

“இன்னா புள்ள, டவுன்காரி ஆயிட்ட. அப்பவே என்னக் கட்டிக்கினு இருந்தா, முன் சீட்டு உன்னுது.”

“உன் ஜீப்ப நீயே கட்டிக்கோ மாமா” என்றாள் சாந்தி. அவள் வாயடிப்பதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். அதற்குப் பிறகும் பின் சீட்டின் ஓரத்தில்தான் உட்கார்ந்தாள் என்பது வேறு விஷயம்.

பொன்னனுக்கு அவசரம். மரவள்ளி லோடு காத்துக்கொண்டிருந்தது. கோயிலில் இறங்கியதும் குழாயடியில் குளித்து, ஈர வேட்டியோடு வந்து கற்பூரம் காட்டினார். பூக்களை ஒட்டினார். “கேட்டுக்கோ” என்றார்.

சாந்தி கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. நான் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை. வெளியே ஒரு ஆடு கத்தியது. பொன்னன் கொட்டாவியை அடக்கினார்...

விழுந்தது. இடப்பக்கம்.

எனக்கு ஆத்தா மேல் கோபம் கோபமாக வந்தது. ஓடிப்போனவன் பெங்களூரில் நிம்மதியாக இருக்கிறான், இவளிடம்தான் உன் வீரத்தைக் காட்டுவாயா என்று வாய்வரை வந்துவிட்டது.

“தெரியும்க்கா” என்றாள் சாந்தி, மெதுவாக. “எனுக்கு முன்னயே தெரியும். உங்கள வேற இம்மாந்தூரம் இட்டாந்துட்டன். ஸாரிக்கா.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பொன்னன் அவள் முகத்தைப் பார்த்தார். “ஏம் புள்ள இப்டி ஆயிட்ட? இன்னா கேட்ட?”

“தாரை வாக்கலாமான்னு கேக்கத்தான் மாமா வந்தன். கண்ண மூடினா அது வரல. என்ன உனுக்குப் புடிக்குதா, நானெல்லாம் எதுக்காச்சும் ஆவனான்னு... அதான் வந்துது. அதையே கேட்டுட்டன்.”

பொன்னன் தட்டைக் கீழே வைத்தார். “அதப் போயி யாராவது பூ வெச்சிக் கேப்பாங்களா? உன் பொண்ணு வந்து, யம்மா, என்ன உனுக்குப் புடிக்குமான்னு உங்கிட்ட பூ வெச்சிக் கேட்டா நீ இன்னா பண்ணுவ?”

சாந்தி கொஞ்சம் யோசித்தாள். “ஒரு அறை வுடுவன்.”

“அதான் ஆத்தாவும் வுட்டுருக்கா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாந்திக்கு வரவில்லை. பொன்னன் குனிந்து, விழுந்த பூவை எடுத்து அவளிடம் நீட்டினார். “இந்தா, தலையில வெச்சிக்கோ. எனுக்கு நேரமாவுது.”

“இது இடப்பக்கம் வுழுந்த பூவாச்சே மாமா.”

“எந்தப் பக்கம் வுழுந்தாலும் பூ கேட்டவங்களுக்குத்தான். எல்லாருக்கும் அப்டித்தான் குடுத்துக்கினு இருக்கன். உனுக்கு இன்னா, புதுசாவா சட்டம் போடுவாங்க?”

அவர் பெரிதாக ஏதோ சொல்லிவிட்டதாக நினைக்கவில்லை. கற்பூரத் தட்டைக் கழுவப் போய்விட்டார். சாந்திதான் பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்புறம் அழுதாள். நன்றாக, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். நான் தடுக்கவில்லை.

புருஷன் போனதிலிருந்து அவள் பூ வைத்துக்கொண்டதில்லை. வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. இவளாகவே நிறுத்திக்கொண்டது. நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் தண்டனைக்கு அப்பீல் எங்கே போவது?

யோசித்துப் பார்த்தால் நாமெல்லோரும் சாமியிடம் போவதே இன்டர்வியூவுக்குப் போவது மாதிரிதான் இருக்கிறது. விரதம் இருந்தேன், மொட்டை போட்டேன், யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை — இப்போதாவது என்னைப் பிடிக்குமா? மார்க் போட்டே வளர்ந்தவர்கள் நாம். பள்ளிக்கூடத்தில் மார்க், பெண் பார்க்க வந்தவர்களிடம் மார்க், மாமியாரிடம் மார்க். எனக்கு மட்டும் என்ன? பத்திரிகையில் இந்தப் பத்தி வந்த மறுநாள் காலையில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று போனைத் தடவாமல் நான் காபி குடித்ததுண்டா? கேட்காமலே கிடைத்திருப்பதை வாங்கிக்கொள்ள மட்டும் நமக்கு ஏனோ கை நீளுவதில்லை.

சாந்தி அழுது முடித்து, பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டாள். நான் சும்மா இருப்பேனா? “பொன்னன், இன்னொரு தரம் பூ வையுங்க. இந்தத் தடவை தாரை வார்ப்பதைப் பற்றி ஒழுங்காகக் கேட்கட்டும்” என்றேன். அவரும் தண்ணீர்ச் செம்பை எடுத்துவிட்டார்.

“வாணாம் மாமா” என்றாள் சாந்தி. “நீ போயி லோடு ஏத்து.”

திரும்பும்போது ஜன்னலோரத்தை நானே அவளுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு அது ராசியில்லை. அவள் முதுகு நன்றாகச் சாய, சீட்டை நிறைத்து உட்கார்ந்தாள். வளைவுகளில் இப்போது நான்தான் சரிந்துகொண்டிருந்தேன். தள்ளி உட்காரச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நகர்ந்திருப்பாளா, சந்தேகம்தான்.

அடிவாரம் வந்து டவர் கிடைத்ததும் அவள் போன் அடித்தது. ஓரகத்தி. அந்த அம்மாள் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

“பூ வெச்சிக் கேட்டியா சாந்தி? எந்தப் பக்கம் வுழுந்துது?”

சாந்தி கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“பூ என் தலையிலதான் கீது அக்கா. என் பொண்ணுக்கு மனையில நானே உக்காந்துக்கறன். நீங்க பந்தியப் பாத்துக்கோங்க.”

பின்னாலேயே ஒரு ஸாரி வரும் என்று காத்திருந்தேன். கள்ளக்குறிச்சி வரைக்கும் வரவில்லை.