படிக்கட்டாக ஏறிய அவள் கோடு

எனக்கு ஒரு தீவு நாட்டைக் கொடுத்தார்கள். கூட வேலை பார்க்கும் அவளுக்கு, பேசிப் பேசியே பெயர் வாங்கிய ஒரு பெரிய மத்திய வங்கி. வயிற்றெரிச்சல் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

பர்மாவில், கியாக்டடா என்ற பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் சின்ன ஆய்வு அலுவலகம். மத்திய வங்கிகள் வட்டியை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஜனங்களிடம் எவ்வளவு வெளிப்படையாகப் பேசுகின்றன என்று வருடவாரியாக மார்க் போடுவது வேலை. இலக்கு என்னவென்று சொல்கிறதா? தன் கணிப்பை வெளியிடுகிறதா? கூட்டத்தில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று காட்டுகிறதா? ஆம் என்றால் ஒன்று, அரைகுறை என்றால் அரை, இல்லாவிட்டால் பூஜ்யம். கூட்டிப் படம் போட்டால், அந்த வங்கி மெல்ல வாய் திறந்த கதை ஒரு கோடாகத் தெரியும். எனக்கு இதில் பைத்தியம். டீக்கடையில் பக்கத்து ஸ்டூல்காரருக்குக்கூட விளக்கியிருக்கிறேன். அவர் பாதியிலேயே பில் கேட்டார்.

எங்கள் தலைவியை, பர்மியர்கள் டீச்சரைக் கூப்பிடுவது போல, எல்லோரும் சயாமா என்போம். பாங்காக்கில் ஒரு கருத்தரங்கு, எங்கள் இருவரில் ஒருவர்தான் போகலாம், எந்தக் கோட்டில் கதை இருக்கிறதோ அது போகும் என்று சயாமா சொல்லிவிட்டார்.

அவள் கோட்டில் கதைக்கா பஞ்சம்? படிக்கட்டு மாதிரி அழகாக ஏறியது. அச்சடித்துத் தன் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியும் வைத்தாள். என் தீவு வங்கி வருடத்துக்கு ஒரே ஒரு பக்கம் வெளியிடும், அதிலும் பாதி ஆளுநரின் போட்டோ. என் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. "தீவுக்காரரே, அலை ஏதாச்சும் அடிச்சுதா?" என்று தினமும் கேட்பாள். நாங்கள் இருவரும் தின்கன்ஜூன் பேட்டைக்காரர்கள், வீட்டுக்குப் போக ஒரே பஸ். அவள் வீட்டில் தமிழ்தான் பேச்சு. எனக்குப் பர்மிய மொழி ஓடி வரும், தமிழ் பின்னால் நொண்டி வரும். அந்தப் பொறாமை தனி.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் மார்க் போட்ட வங்கிக்கு இன்னொருவர் முதலிலிருந்து தானாக மார்க் போட வேண்டும். பிறகு இரண்டையும் மேஜையில் வைத்து, எங்கே வேறுபடுகிறதோ அங்கே சண்டை. சண்டை பர்மிய மொழியில் நடக்கும். குத்தல் மட்டும் தமிழில், மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்று.

அவள் வங்கி என் முறைக்கு வந்தது. கரண்ட் இருந்த நேரமாகப் பார்த்து, அதன் பழைய கூட்டக் குறிப்புகளை இணையத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். அடியில் பொடி எழுத்தில் வெளியிட்ட தேதி. கூட்டங்கள் வெவ்வேறு வருடத்தில் நடந்தவை. ஆனால் குறிப்புகள் எல்லாம் பின்னால் ஒரே வருடத்தில், மொத்தமாக வெளியே வந்திருக்கின்றன. அவளோ கூட்டம் நடந்த வருடத்துக்கே மார்க் கொடுத்திருந்தாள். சுவரில் இருந்த படிக்கட்டே சாட்சி. அந்த வருடத்தில் யாராலும் படிக்க முடியாத ஒன்றுக்கு ஏது மார்க்? எனக்குள் ஒரு குளிர்ச்சி. அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. முகத்திலேயே தெரிந்துவிடும்.

மறுநாள் மேஜையில் தேதிகளைக் காட்டினேன். குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், வாதாடவே இல்லை. சுவர்ப் படத்தைக் கழற்றிவிட்டு, கணினியில் மார்க்குகளை மாற்றினாள். படிக்கட்டு காணாமல் போயிற்று. கோடு நெடுநேரம் தரையில் கிடந்தது. பிறகு ஒரே வருடத்தில் சுவர் மாதிரி செங்குத்தாக எழுந்தது.

சயாமா திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. "அந்த வருஷம் அப்படி என்னதான் நடந்தது?" என்றார்.

தெரியாது, ஆனால் கண்டுபிடிக்கிறேன் என்றாள் அவள். இந்தக் கேள்விதான் பாங்காக் போகும் என்று சயாமா முடித்துவிட்டார். நான் உடைத்த படிக்கட்டின் மேலேயே அவள் ஏறிப் போய்விட்டாள்.

மாடிப்படி இறங்கும்போது, என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

"கோவமா?"

"அதெல்லாம் இல்ல."

"வெளிப்படையாப் பேசறதுக்கு உனக்குப் பூஜ்யம்," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

அவள் பாங்காக் போன பிறகு ஒரு போட்டோ அனுப்பினாள். பெரிய திரை, அதில் அந்தக் கோடு. பெரிதாக்கிப் பார்த்தேன். அடி மூலையில், சரிபார்த்தவர் என்று என் பெயர், வெளியிட்ட தேதி மாதிரியே பொடி எழுத்தில். இன்னும் பெரிதாக்கி, முன்வரிசை நாற்காலிகள் நிரம்பியிருக்கின்றனவா என்றும் பார்த்தேன். நிரம்பியிருந்தன.

நல்லா இருக்கு என்று அடித்தேன், அழித்தேன். பிறகு, "வயிறு எரியுது," என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "ஒன்று."

எரிச்சல் ஒன்றும் அடங்கவில்லை. என் தீவின் ஒற்றைப் பக்கங்களை மறுபடி திறந்து, ஆளுநர் போட்டோவுக்குக் கீழே ஏதாவது தேதி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன்.