கரித்தூள் என்று நினைத்தேன்

பத்தாவது வரை படித்தவன் நான். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிற ஆள். பத்திரிகைக்கு எழுதுவதே எனக்கு அதிகப்படி. அதிலும் எழுத வந்திருப்பது வெளிக்குப் போவதைப் பற்றி. சாப்பிடும் நேரத்தில் இந்தப் பக்கத்தைப் பிரித்தவர்கள் என்னை மன்னித்து, கை கழுவிய பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு இரும்பு வார்ப்புக் கம்பெனியில் வேலை பார்த்தேன். பவுண்டரி என்றுதான் சொல்வோம். சொந்த ஊர் பாரூர்ப் பக்கம். மணல் அச்சுக்குக் கரித்தூள் பூசி, அதில் உருக்கிய இரும்பை ஊற்றுவது எங்கள் வேலை. ஷிப்ட் முடிந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பு, துப்பினால் கறுப்பு. குளித்துத் துடைத்த துண்டும் கறுப்பு. தொண்டையில் தூசி நிற்காது என்று கம்பெனியிலேயே ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள்.

அச்சுப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி எனக்கு முதுகுவலி வந்தது. கேட்டுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் வலி மாத்திரை சில்லறையாகக் கிடைக்கும். காலையில் வெறும் வயிற்றில் டீயோடு ஒன்று, மதியம் ஒன்று. எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு அது நாலைந்து மாதம் ஓடியது.

நான் குடியிருந்த லைன் வீட்டில் கக்கூஸ் கிடையாது. விடியுமுன் பின்னால் இருந்த காட்டுக்குப் போய் வருவோம். இருட்டில் யார் எதைப் பார்க்கப் போகிறார்கள்? ஒருநாள் வேலை நேரத்தில் வயிறு கலக்கி, கம்பெனியின் வெள்ளைப் பீங்கான் கக்கூஸுக்குப் போனபோதுதான் பார்த்தேன். ரோட்டுக்கு ஊற்றும் தாரைப் போல இருந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியும் பீங்கானை விட்டுப் போகவில்லை. நாற்றமும் வழக்கமான நாற்றம் இல்லை.

உருக்கிய இரும்பு நிறைந்த பெரிய கரண்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் பிடிப்பவரிடம், எங்கள் ஊரில் ஒருத்தருக்கு இப்படியாம் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"உங்க ஊர்க்காரரும் பவுண்டரியா? கரி உள்ள போனா கரிதான் வெளிய வரும். பின்ன ஜிலேபியா வரும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ஒரு வெல்லக்கட்டி கூடுதலாகத் தின்றேன்.

அதன் பிறகு வேலை நேரத்திலும் அடிக்கடி போக வேண்டி வந்தது. போகப் போக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. தொழிலாளர்களுக்கான டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒரு டாக்டரம்மா. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்றார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். பக்கத்தில் நர்ஸ், வாசலில் என் பின்னால் வரிசை. இல்லீங்க என்று சொல்லிவிட்டேன். இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, அதைச் சாப்பிட்டால் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றார்.

அந்தச் சொல் எனக்குப் பெரிய சௌகரியமாகப் போயிற்று. கறுப்பு முதலில் வந்தது, மாத்திரை பிறகு வந்தது. அந்தக் கணக்கை நான் வேண்டுமென்றே மறந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம். அரை மணியில் இரும்பு ஊற்றப் போகிறார்கள். நான் கக்கூஸிலிருந்து வெளியே வந்தேன். அங்கே கழுவும் அம்மா வாளியோடு நின்றிருந்தார். பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஏறக்குறைய என் வயதுதான்.

"ணா, மூணாவது ரூம்ல போய்ட்டு வந்தது நீங்கதானே?"

நான் இல்லை என்றேன்.

"நீங்க வெளிய வந்தத நான்தானே பாத்தன். சண்டைக்கு வரல ணா. ரெண்டு வாரத்துக்கு மேல நான்தான் தேய்க்கிறன், தேய்ச்சாலும் போவல."

இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன், டாக்டரம்மாவே அப்படித்தான் போகும் என்று சொன்னார்கள் என்றேன்.

"மாத்திர சாப்பிடறவங்களுதும் நான் கழுவிருக்கறன். அதுவும் கருப்புதான், தண்ணி ஊத்துனா போயிடும். இப்பிடி நாத்தம் வராது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் தாரு மாதிரி போச்சி. உள்ள ரத்தம் போவுதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. சொன்னப்ப கேக்கறதுக்கு அவரு இல்ல. இன்னிக்கே போங்க ணா. சாயங்காலம்னு சொல்லாதீங்க."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் என் கையைப் பார்த்தேன். கரி படிந்த விரலில் நகம் மட்டும் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. வயிற்றுவலி என்று சூப்பர்வைசரிடம் வெளியே போக பாஸ் கேட்டேன். ஊற்றும் நேரத்தில்தான் வலிக்குமா என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

டாக்டரம்மாவிடம் இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நான் மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடியே கறுப்பா போச்சா?"

ஆமாங்க என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லும்படி நர்ஸிடம் சொன்னார். அந்த வண்டி வருவதற்குள் பெஞ்சிலேயே மயங்கி விழுந்தேன்.

வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, அங்கிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது. வயிற்றில் கசியும் ரத்தம் சிவப்பாக வராதாம், குடல் வழியே இறங்கி வருவதற்குள் தார் போல ஆகிவிடுமாம். அப்படிக் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், சிவப்பாக ரத்தம் போனாலும் மூலம் என்று நாமே முடிவு கட்டக்கூடாது, வெளுத்துக் களிமண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தாலும் காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எந்த மாத்திரை தின்றோம், எப்போதிலிருந்து நிறம் மாறியது என்பதை மறைக்காமல் சொல்வதுதான் பாதி வைத்தியமாம்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அந்த அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் எதிரில் போய் நின்றேன்.

"இப்ப போவுதா ணா, தண்ணி ஊத்துனா?" என்று கேட்டார். போகுது என்றேன். சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

எங்கள் அழுக்கைக் கழுவியவர் எனக்காக வாய் திறந்து பேசினார். என் உடம்பைப் பற்றி நான் பேசக் கூச்சப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதினேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளும் கம்பெனியில் இரும்பு ஊற்றினார்கள், கரண்டியில் என் பக்கத்தை வேறொருவர் பிடித்தார். அந்த நேரத்தில் எனக்கு மூன்றாவது பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.