ஃப்ளோராவுக்கு ஏற்ற பாட்டில்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் வந்து கொளஞ்சிநாதன் என்று சொல்லிப் பாருங்கள், எந்தக் கொளஞ்சிநாதன் என்று ஒருவரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். சூளைக்குச் சாமான் சுமக்கிற கூலியாகப் பேட்டைக்குள் நுழைந்தேன். இன்றைக்கு இரண்டு சூளை என் பெயரில் எரிகிறது. பியூஸ் கட்டை, கம்பத்தில் மாட்டுகிற பீங்கான், கொலு பொம்மை, டீக்கோப்பை என்று என் பட்டறையில் பிறக்காத உருவம் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது அமலராணியைப் பற்றி.

எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்துப் பெண். அப்பா பிலோமின்ராஜ் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர். பீங்கான் தொழிலில் டிப்ளமோ படித்துவிட்டு ஆறு வருஷத்துக்கு முன்னால் என் பட்டறைக்கு வேலை கேட்டு வந்தாள். அச்சில் ஊற்றுகிற களிமண் குழம்பை நாங்கள் ஸ்லிப் என்போம். அது பதமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன் நான். இவள் வந்த முதல் நாளே, அடியில் ஓட்டை போட்ட ஒரு குவளையையும் ஒரு ஸ்டாப் வாட்சையும் எடுத்து வைத்தாள். குவளை நிறைய ஸ்லிப்பை ஊற்றி, ஓட்டை வழியாக முழுவதும் ஒழுக எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டு, “கெட்டியா இருக்குதுங்க ஐயா” என்றாள். நாற்பது வருஷம் தொழில் பார்த்தவனிடம்! அன்றைக்கு ஊற்றிய கோப்பையில் பாதி விரிசல் விட்டது. மறுநாள் முதல் அவள் சொன்னதுதான் பதம். ஆளை எடை போட எனக்குத் தெரியும், அதனால்தான் நான் முதலாளி.

போன வருஷம் ஒரு நல்ல சேதி வந்தது. நம் ஊரில் பெண்களுக்குப் பீங்கான் வேலை கற்றுக்கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் பயிற்சி மையம் தொடங்குகிறது, பயிற்றுநர் ஒருவர் வேண்டும் என்று. அமலராணியை விண்ணப்பம் எழுதிப் போடச் சொன்னது நான்தான். நல்ல வேலைக்காரியை அனுப்பிவிட்டு என்ன செய்வாய் என்று பேட்டையில் கேட்டார்கள். கொளஞ்சிநாதன் பட்டறையில் பழகியவள் ஊருக்கே வாத்தியார் என்றால் அந்தப் பெயர் யாருக்கு வரும்? இது புரியாதவர்களோடு நான் பேசுவதில்லை.

தேர்வு சென்னையில். காலை பத்து மணி முதல் பகல் இரண்டு மணி வரை, தேர்வாளர்கள் கண்ணெதிரே பிளாஸ்டர் அச்சு எடுத்து, ஊற்றிக் காட்ட வேண்டும். தூசி பறக்கிற இடம் என்பதால் கைக்குழந்தைக்கு உள்ளே அனுமதியில்லை. அமலராணிக்கு அப்போது ஐந்து மாதப் பெண் குழந்தை, பெயர் ஃப்ளோரா. தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் அறியாத குழந்தை. பாலை முன்கூட்டியே எடுத்து வைத்து, புருஷன் ஜோ வெளியே உட்கார்ந்து பாட்டிலில் கொடுக்கலாம் என்று யோசனை. ஜோ லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். குழந்தையை இடது கையில் வைத்துக்கொண்டே சோறு வடிக்கிற ஆள். ஆனால் பாட்டிலை ஃப்ளோரா தொட வேண்டுமே! தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

இந்த மாதிரிக் காரியமென்றால் எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு ஏறிவிடும். கடைத்தெருவுக்குப் போய், இருக்கிறதில் நல்லதெல்லாம் எடு என்றேன். கண்ணாடியில் ஒன்று, பிளாஸ்டிக்கில் மூன்று, எவர்சில்வரில் ஒன்று, இரண்டு பக்கமும் காது வைத்த கரடி பாட்டில் ஒன்று. ஆறையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எவர்சில்வர் பாட்டிலின் நிப்பிளை நாக்கால் தள்ளினாள் ஃப்ளோரா. கரடியைக் கண்டு சிரித்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வாய் வைத்தாள், நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். அடுத்த நொடி புரையேறி, முகம் சிவந்து, இருமி, சட்டையெல்லாம் பால். அமலராணி குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“நான் போகலைங்க ஐயா” என்றாள். “இங்க இது மூச்சு முட்டிக்கிட்டு நிக்க, நான் அங்க போயி அச்சு எடுக்கறதா?”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கடைக்காரன் செய்கிற பாட்டில் எதற்கு? நாமே செய்தால் என்ன? வழவழவென்று வெள்ளைப் பீங்கானில், குழந்தை கைக்கு அடக்கமாக ஒரு பால் பாட்டில்! உலகத்தில் எவனுக்கும் தோன்றாத யோசனை என்று அன்றைக்கு நினைத்தேன். கண்ணாடி பாட்டிலை வைத்து நானே அச்சு எடுத்தேன், நானே ஊற்றினேன், வேறு சாமான்களோடு சூளையில் அடுக்கினேன். மூன்றாம் நாள் எடுத்தால் பால் நிறத்தில் ஒரு பாட்டில். பேட்டை முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன். வேலை ஓய்ந்ததும் எல்லோர் முன்னாலும் நிப்பிள் வளையத்தை எடுத்து அதன் கழுத்தில் வைத்துத் திருகினேன்.

வளையம் லொடலொடவென்று சுற்றியது. பீங்கான் சூளையில் சுருங்கும். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்! அவசரத்தில் அச்சைப் பெரிதாக எடுக்க மறந்துவிட்டேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அமலராணிதான் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “குழந்தைய நெனச்சதுல கணக்கு மறந்துபோச்சு, அதான?” என்றாள். அந்த வாரம் முழுவதும் சிரிக்காதவள் அப்போது சிரித்தாள். அதற்காகவே அந்த மண் செலவானது சரி.

நான் விடவில்லை. பெரிய அச்சாக எடுத்து மறுபடியும் ஊற்றப் போகிறேன் என்று அவர்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது நர்ஸ் அன்பரசி வந்தாள். ஃப்ளோராவை எடை பார்க்க வருகிற கிராம சுகாதார நர்ஸ். என் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“உள்ள எதுவும் தெரியலையே பெரியவரே. கழுவுனது சுத்தமா, இல்ல பழைய பால் ஒட்டிக்கிட்டு இருக்குதான்னு எப்படிப் பாப்பீங்க? இத சாமி மாடத்துல வச்சி பூ போடுங்க, நல்லா இருக்கும்.”

என்னிடம் இப்படிப் பேச பேட்டையில் ஆளில்லை. ஆனாலும் சரியான பேச்சுக்கு நான் கட்டுப்படுகிறவன். அன்பரசி முதலில் பாலாடைச் சங்கில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். கழுவ அதுதான் சுலபம் என்றாள். ஜோ கொடுத்தான், ஃப்ளோரா கையால் ஒரு தட்டுத் தட்டினாள், பாதி பால் தரையில். நடுத்தெருவில் உட்கார்ந்துகொண்டு இது ஆகாது என்று ஜோவே சொல்லிவிட்டான். அப்படியானால் பாட்டில்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் பிரித்துக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும் என்றாள் அன்பரசி. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்: தாய்ப்பால் குடிக்கிற குழந்தை உறிஞ்சி உறிஞ்சி, நிறுத்தி நிறுத்திக் குடிக்கும், பாட்டில் கொட்டினால் அது பயப்படும்.

அமலராணி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் ஆறு பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். எல்லாவற்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து, ஸ்லிப் பார்க்கிற அதே ஸ்டாப் வாட்சை அழுத்தினாள். அச்சில் ஊற்றுகிற பெண்கள் எல்லாரும் சோற்றுக் கையோடு சுற்றி நின்று சொட்டு எண்ணினார்கள். ஃப்ளோராவுக்குப் புரையேறிய பாட்டிலில் சொட்டே இல்லை, கம்பி மாதிரி ஊற்றியது. மெதுவாக வரும் என்று அட்டையில் போட்டிருந்த ஒன்று, அப்படிப் போடாததைவிட வேகமாக வந்தது. கண்ணாடி பாட்டிலின் நிப்பிள்தான் எல்லாவற்றிலும் நிதானம், நின்று நின்று ஒரு சொட்டு. அடிப்பக்கம் அகலமாக, நுனிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, மெத்தென்றும் இருந்தது.

“இதாங்க ஐயா பதம்” என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் உடனே கடைக்கு ஓடி அதே நிப்பிள் மாட்டுகிற இலேசான பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு வாங்கினேன். கண்ணாடி வீட்டுக்கு, இவை பயணத்துக்கு. குழந்தையின் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். இந்த யோசனை என்னுடையது, எழுதி வையுங்கள்.

அப்படியும் ஃப்ளோரா குடிக்கவில்லை! அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு பாட்டிலைத் தள்ளிவிட்டு அம்மாவையே தேடினாள். அன்பரசிக்குப் போன் போட்டோம். “எதிர்ல சுடுசோறு ஆவி பறக்கும்போது எவனாச்சும் பொட்டலத்தைப் பிரிப்பானா? நீ வூட்ட வுட்டு வெளிய போ அமலா” என்றாள்.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கையில் அமலராணி தெருமுனைக்குப் போய் லோடு ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஜோ குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, பாட்டிலைக் கவிழ்க்காமல் படுக்கைவாட்டில் பிடித்து, நிப்பிளை உதட்டில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தான். திணிக்கவில்லை. முதல் நாள் கடித்தாள். இரண்டாம் நாள் இரண்டு வாய். மூன்றாம் நாள் மாலை ஜோ வெளியே ஓடிவந்து பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். முப்பது மில்லி இறங்கியிருந்தது. அமலராணி ஆட்டோவிலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். நான் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேன்.

பயணத்துக்கு எட்டுப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் ஒரு பெரிய பையே வாங்கியிருந்தேன். அன்பரசி அதைப் பார்த்துவிட்டு, ரயிலில் அம்மா பக்கத்திலேயே இருக்கும்போது பாட்டில் எதற்கு என்று கேட்டாள். கடைசியில் போனது அந்த இலேசான பாட்டில் இரண்டு மட்டும்தான், மூடி போட்ட டப்பாவில் ஈரமில்லாமல். கூடவே ஒரு பிரஷ், ஒரு வெந்நீர் பிளாஸ்க், ஐஸ் வைக்கிற ஒரு பெட்டி. குழந்தை வாய் வைத்து மிச்சம் விட்ட பாலை வைத்திருக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள் அன்பரசி. அதனால் பாட்டிலுக்கு அறுபது மில்லிதான் ஊற்றுவது என்று அமலராணி முடிவு செய்தாள். அவள் எடுத்த பாலில் ஒரு சொட்டு கொட்டினாலும் அவளுக்குக் கண் கலங்கும்.

தேர்வுக்கு முதல் நாள் மதிய ரயிலில் மூன்று பேரும் குழந்தையும் கிளம்பினோம். நான் எதற்கு என்று கேட்கிறீர்களா? நான் இல்லாமல் இந்தக் காரியம் எது நடந்தது? தாம்பரத்தில் ஜோவின் அக்கா வீட்டில் தங்கினோம். எடுத்த பாலை அங்கே பிரிட்ஜில் வைத்து, காலையில் ஐஸ் பெட்டிக்கு மாற்றினோம். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அமலராணி ஃப்ளோராவுக்குப் பசியாற்றிவிட்டு உள்ளே போனாள். போகும்போது ஜோவிடம் ஒன்று சொன்னாள்:

“குடிக்கலைன்னா காவல்காரர்கிட்ட சொல்லி அனுப்பு. பாதியில வந்துருவேன். குழந்தைய அழவுட்டு எனக்கு எதுவும் வேணாம்.”

காவல்காரரை விசாரித்தேன். பாதியில் வெளியே வந்தால் மறுபடி உள்ளே விட மாட்டார்களாம்.

பதினொன்றரைக்கு ஃப்ளோரா அழ ஆரம்பித்தாள். ஜோ பாட்டிலை வெந்நீரில் நிறுத்திச் சூடேற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சுவரோரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து உதட்டில் வைத்தான். வாய் வைத்தாள், உடனே தலையைத் திருப்பினாள். மறுபடி வைத்தான், மறுபடி திருப்பினாள். நான் எதிரே நின்று கை தட்டினேன், விசிலடித்தேன், மேல்துண்டைச் சுழற்றிக் காட்டினேன். அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. காவல்காரரைக் கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டேன்.

“மொதலாளி, கொஞ்சம் இருங்க” என்றான் ஜோ. குரலே உயரவில்லை. “கோச்சிக்காதீங்க. நீங்க கொஞ்சம் ரோட்டுக்கு அந்தாண்ட போங்க. அது உங்களப் பாக்கத்தான் திரும்புது.”

பார்த்தீர்களா! பசியோடு இருக்கிற குழந்தைகூடப் பாலை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறது. என் முக ராசி அப்படி. ஆனால் அன்றைக்கு அந்த முகத்தை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து, டீக்கடை பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் பொறுப்பில் ஒரு காரியம் நடக்கும்போது திரும்பிப் பார்க்காமல் நான் உட்கார்ந்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. டீ வந்து ஆறியது. அழுகை ஒரு தரம் ஏறியது, விக்கியது, நின்றது. நின்றபடியே இருந்தது. பொறுக்க முடியாமல் டீக்கடைக்காரரைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

“குடிக்குது பெருசு” என்றார். “நல்லாத்தான் குடிக்குது. ஒங்க பேத்தியா?”

என் பட்டறைப் பிள்ளை என்று சொல்லி, கடையில் நின்ற எல்லோருக்கும் டீ சொன்னேன்.

ஒரு மணிக்கு இன்னொரு அறுபதும் இறங்கியது. இரண்டு மணி அடித்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அமலராணியைக் காணவில்லை. இரண்டேகாலுக்கு, முழங்கை வரைக்கும் பிளாஸ்டர் வெள்ளையோடு ஓட்டமாக வந்தாள். எதுவும் கேட்கவில்லை. ஜோ இரண்டு காலி பாட்டிலையும் தூக்கிக் காட்டினான். அவள் குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மர நிழலில் உட்கார்ந்து ஃப்ளோராவை மடியில் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் மார் கனத்து வலித்திருக்கும். குழந்தை எதுவுமே நடக்காத மாதிரி அம்மாவிடம் ஒட்டிக்கொண்டது.

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

“யாரும் கூப்புட வரலைல்ல” என்றாள், குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே. “அதான் முழுசா முடிச்சி, அச்சைத் தொடச்சி, மேசையைக் கழுவி வச்சிட்டு வந்தேன்.”